முன்னால் 'இன்' வந்தாலே எதிர்ச்சொல்லா? ஆங்கில முன்னொட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தின்னர் டப்பாவில் 'இன்ஃபிளேமபிள்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் தீப்பிடிக்காத சரக்கு என்று நினைத்தால் ஆபத்து. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பற்றும். இந்த 'இன்' மறுப்பு அல்ல, 'உள்ளே' என்ற பொருளில் வரும் லத்தீன் முன்னொட்டு. தீப்பற்றாததைச் சொல்ல 'நான்ஃபிளேமபிள்' என்ற சொல் இருக்கிறது. நம் ஊர் டேங்கர் லாரிகளின் பின்பக்கம் முதல் இரண்டையுமே எழுதுகிறார்கள் என்பதால் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

'இன்வேல்யுவபிள்' வேறு வகை. இதில் 'இன்' மறுப்புதான்; ஆனால் மறுக்கப்படுவது மதிப்பு அல்ல, மதிப்பிட முடியும் என்பது. விலை சொல்லவே முடியாத அளவுக்கு அருமையானது என்று பொருள். உதவாத பொருளுக்கு 'ஒர்த்லெஸ்'.

ஒரே சொல்லுக்கு முன் இரண்டு முன்னொட்டுகள் வரும்போதுதான் தவறுகள் அதிகம். வழக்கை விசாரிக்கும் நீதிபதி 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆக இருக்க வேண்டும், அதாவது வழக்கில் சொந்த லாபநஷ்டம் இல்லாதவர். 'அன்இன்ட்ரஸ்டட்' ஆக இருந்தால் வாதத்தைக் கேட்காமல் கொட்டாவி விடுவார். பேச்சில் பலர் இரண்டையும் கலந்தடித்தாலும், எழுத்தில் பிரித்தே எழுதுங்கள். அமைப்புசாராத் துறை 'அன்ஆர்கனைஸ்டு செக்டர்'. அதை 'டிஸ்ஆர்கனைஸ்டு' என்று எழுதினால் ஒழுங்கில்லாமல் தாறுமாறாகக் கிடக்கும் துறை என்றாகிவிடும்.

'அன்குவாலிஃபைட்' ஆள் தகுதி பெறாதவர். 'டிஸ்குவாலிஃபைட்' ஆள் விதிப்படி தகுதிநீக்கம் செய்யப்பட்டவர். தணிக்கை அறிக்கையிலோ கதை தலைகீழ். 'அன்குவாலிஃபைட் ஒப்பீனியன்' என்று ஆடிட்டர் எழுதினால் நிறுவனம் நிம்மதியாகத் தூங்கலாம்: கணக்குகளைப் பற்றி எந்த ஆட்சேபமும் இல்லை என்று அர்த்தம். குவாலிஃபை என்பதற்கு 'நிபந்தனை போட்டுச் சொல்' என்ற பொருளும் உண்டு, இங்கே மறுக்கப்படுவது அதுதான்.

எழுத்துப் பிழைகளுக்கு வருவோம். முன்னொட்டைச் சேர்க்கும்போது மூலச்சொல்லில் ஓர் எழுத்தும் கூடாது, குறையாது. டிஸ்ஸாட்டிஸ்ஃபைட் என்பதில் டிஸ்ஸின் கடைசி எஸ், ஸாட்டிஸ்ஃபைட்டின் முதல் எஸ், ஆக இரண்டு. டிஸ்அப்பியரில் ஒன்றுதான். அன்நெசசரியில் தொடக்கத்தில் இரண்டு என், மிஸ்ஸ்பெல்லில் இரண்டு எஸ்.

'இன்' மட்டும் அடுத்த எழுத்தைப் பார்த்து உருமாறும்: எல் முன் இல் (இல்லீகல்), எம், பி முன் இம் (இம்மெச்சூர், இம்பாசிபிள்), ஆர் முன் இர் (இர்ரெகுலர்). மரம், கள் சேர்ந்தால் மரங்கள் ஆவது போன்ற புணர்ச்சிதான். 'அன்' பழைய ஆங்கிலத்துக்குச் சொந்தமானது, அது மாறாது: அன்லாஃபுல், அன்பாப்புலர்.

பெயர்ச்சொல்லாக்கும்போது முன்னொட்டே மாறிவிடும் சொற்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி. அன்ஸ்டேபிள், இன்ஸ்டெபிலிட்டி. அன்ஈக்வல், இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட், இன்ஜஸ்டிஸ்.

வினைச்சொல்லின் முன் வரும் 'அன்' செய்ததை மாற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவருவதைக் காட்டும். 'அன்டை' என்றால் கட்டியதை அவிழ்ப்பது. கட்டவே இல்லை என்று சொல்ல 'டிட் நாட் டை'தான். 'அன்லாக்கபிள்' என்ற சொல்லில் இரண்டு 'அன்'னுக்கும் இடமுண்டு: பூட்ட முடியாத கதவும் அன்லாக்கபிள்தான், பூட்டைத் திறக்கக்கூடிய கதவும் அன்லாக்கபிள்தான். பூட்டுக் கடைக்காரருக்கு மெயில் எழுதும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'கேனாட் பி லாக்டு' என்று விரித்து எழுதிவிடுங்கள்.