வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறீர்களா? முதல் மாதமே இதைச் செய்துவிடுங்கள்

போன வருடம் பொங்கலுக்கு முன்னால், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பரணைச் சுத்தம் செய்யும்போது ஸ்டூல் சாய்ந்து கீழே விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் கட்டினோம், அதில் யோசிக்க எதுவுமில்லை. ஆனால் அவர் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர், "மத்த மூணு வீட்டுச் சம்பளம் போச்சேம்மா" என்று கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. அப்புறம்தான் வீட்டு வேலை செய்கிறவருக்கு அடிபட்டால் என்னென்ன காப்பீடும் உதவியும் உண்டு என்று தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் வேலை செய்கிறவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கிடையாது. 2025 வரை நடைமுறையில் இருந்த, 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் வீட்டு வேலை என்று தனியாக இருந்ததில்லை. கார் ஓட்டும் சம்பள டிரைவர் அதில் வந்தார், அவருக்காகக் கார் இன்சூரன்ஸ் போடும்போதே 'சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு' என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கு வழக்கமாக 50 ரூபாய்தான் ஆகும். மற்றவர்களுக்கு நாமாக ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

அவருக்கு பேங்க் அக்கவுண்ட் இருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். 50 வயதுக்குள் இருந்தால் 436 ரூபாயில் ஜீவன் ஜோதி திட்டமும் உண்டு, அது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும். இரண்டுக்கும் பணம் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும், அந்த நேரத்தில் கணக்கு காலியாக இருந்தால் காப்பீடு தொடராது. அதனால் மே மாதம் அந்தத் தொகையை நீங்களே போட்டுவிடுங்கள், சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

ஆனால் எங்கள் அக்காவுக்கு வந்தது போன்ற எலும்பு முறிவுக்கு இந்த இரண்டிலும் ஒரு பைசா வராது. ஆஸ்பத்திரியில் தங்கி எடுக்கும் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கேட்பார்கள். இதற்காக ஒரு நாள் லீவு கொடுத்து, முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், தனியாகப் போகிறவரை அலைய விடுவது நம் ஊரில் சகஜம். கூடவே தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். 2007-இல் வந்த வாரியம் அது, பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம், விபத்து மரணத்துக்கு உதவி எல்லாம் உண்டு.

சமையலுக்கு ஆள் வைத்திருப்பவர்கள் கேஸைக் கவனியுங்கள். பதிவு செய்த முகவரியில் சிலிண்டரால் விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு இருக்கிறது, இறந்தால் ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை. உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, காலாவதியாகாததாக இருக்கட்டும்.

உங்கள் பொறுப்பு என்று வரும்போது, வீட்டுக் காப்பீடு எடுக்கும் சமயத்தில் 'வீட்டுப் பணியாளர் இழப்பீடு' என்ற பிரிவு அதில் உண்டா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன, கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். திருட்டுக் காப்பீட்டில் வீட்டில் வேலை செய்கிறவரே திருடியிருந்தால் பெரும்பாலும் பணம் வராது, அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போலீஸ் சரிபார்ப்பு செய்வதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பேப்பரையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வீட்டின் நிலைமை. ஆடாத ஏணி ஒன்று வாங்குங்கள். கிரைண்டர் ஷாக் அடிக்கிறது என்று அவர் சொன்னால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் ஏறித் துடைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், மாடி வீட்டில் அது உயிர் போகிற விஷயம். நம் வீட்டுப் பொருளின் கோளாறால் அடிபட்டால், கவனக்குறைவு என்று நம் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடவும் வழி இருக்கிறது.

அடிபட்டு வர முடியாத நாட்களுக்குச் சம்பளம் உண்டா, எத்தனை வாரம் என்பதை வேலைக்குச் சேரும் அன்றே பேசி ஒரு தாளில் எழுதிவையுங்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் அவர் வேலை செய்யும் நான்கு வீட்டுக்காரர்களும் இப்போது மாதம் ஆளுக்கு 100 ரூபாய் அவர் பெயரில் தபால் நிலைய ஆர்.டி.யில் போடுகிறோம். காப்பீட்டு ரசீதுகளின் நகலை அவர் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கச் சொல்லுங்கள், நாமினி யார் என்று அவருடைய பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் விபத்தில் இறந்தவருக்காகக் கேட்க எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.