எண்ணிக்கை சரி, சமன்பாடு தவறு: சமன் செய்யும்போது தவிர்க்க வேண்டியவை

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது, அதாவது இருபுறமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களையும் சமமாக்கும்போது, கூட்டலில் தவறி அணுக்களைப் பிழையாக எண்ணுபவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மறுமுறை எண்ணினால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். ஆண்டுதோறும் புதிதாகப் படிக்க வருபவர்கள் சொல்லிவைத்ததுபோல் செய்யும் வேறு சில பிழைகள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்றளவும் என்னால் பொறுமையாகத் திருத்த முடிவதில்லை.

கீழ்க்குறி எண்ணில் கை வைத்தல்

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகும் வினையில், இடப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. உடனே நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 என்று எழுதிவிடுகிறார்கள். இருபுறமும் எண்ணிக்கை பொருந்திவிடுகிறது. ஆனால் தாளில் இப்போது இருப்பது நீர் அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு.

இவ்வாறு எழுதிய ஒரு மாணவி, "எண்ணிப் பாருங்கள் சார், சரியாகத்தானே வருகிறது?" என்று வாதிட்டாள். அவள் எண்ணியதில் பிழையே இல்லை, தொல்லையும் அதுதான். பல பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அணு எண்ணிக்கை, இந்தப் பிழையை மூடி மறைத்துவிடுகிறது. 4 கிராம் ஹைட்ரஜன் முழுவதும் நீராக மாற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். அவளுடைய சமன்பாட்டின்படி 64 கிராம் என்று வந்தது. உண்மையில் 32 கிராம் போதும்.

இருபுறமும் அணுக்கள் சமமாக வேண்டும் என்பது, லவாய்சியர் 1789இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய நிறை மாறா விதியிலிருந்து வருவது. ஒரு சேர்மத்தில் தனிமங்கள் மாறாத நிறை விகிதத்திலேயே இணைந்திருக்கும் என்ற பிரௌஸ்டின் விதியும் அதே அளவுக்குக் கட்டாயமானது. நீரில் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள நிறை விகிதம் 1:8, பெராக்சைடில் 1:16. நமது வசதிக்காக அதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வாய்பாட்டின் முன்னால் நிற்கும் எண்ணான கெழு மட்டுமே.

நீருக்கு முன்னால் 2 இடத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு: ஏற்கெனவே சமமாயிருந்த ஹைட்ரஜன் கலைந்துவிடுமே என்ற அச்சம். கலையட்டும், ஹைட்ரஜனுக்கு முன்னாலும் 2 இட்டால் அது மீண்டும் சமமாகிவிடும். சமன் செய்தல் என்பதே இவ்வாறு ஒன்றைக் கலைத்து மற்றொன்றைச் சரிசெய்துகொண்டே போவதுதான்.

அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண்

அது உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும். அலுமினியம் சல்பேட்டில், அதாவது Al₂(SO₄)₃இல், ஆக்சிஜன் அணுக்கள் 12, நான்கு அல்ல.

பாதி வழியில் நிற்கும் பின்னம்

பியூட்டேன் (C₄H₁₀) எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் உண்டாகும் வினையில் கார்பனையும் ஹைட்ரஜனையும் முதலில் முடித்துவிட்டு, தனித்து நிற்கும் ஆக்சிஜனை இறுதியாக எடுத்துக்கொள்வதே எளிது. அப்போது ஆக்சிஜனின் கெழு ஆறரை என்று வரும். இடைநிலையில் அதனால் குற்றமில்லை. பின்னத்தை நீக்குகிறேன் என்று ஆக்சிஜனை மட்டும் இரட்டிப்பதுதான் தவறு. எல்லாவற்றையும் இரட்டித்தால் பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, நீர் 10 என்று அமையும்.

சுருக்காத கெழுக்கள்

4, 2, 4 என்று முடிந்தால் 2, 1, 2 ஆக்குக.

மின்சுமை

மின்சுமை கொண்ட அணுக்களான அயனிகள் இடம்பெறும் சமன்பாட்டில் அதையும் எண்ண வேண்டும். தாமிரமும் வெள்ளி அயனியும் (Ag⁺) வினைபுரிந்து தாமிர அயனியும் (Cu²⁺) வெள்ளியும் உண்டாகும் வினையில், தாமிரம் ஒன்று, வெள்ளி அயனி ஒன்று என்று எழுதினால் அணுக்கள் பொருந்தும். ஆனால் இடப்பக்க மின்சுமை +1 ஆகவும் வலப்பக்க மின்சுமை +2 ஆகவும் இருக்கும். வெள்ளிக்கு இருபுறமும் 2 இட்டால்தான் அந்தச் சமன்பாடு நிறைவடையும்.