நழுவிக்கொண்டே இருந்த வாட்ச் பின்

என் வாட்ச் செயின் தனியாகத் தெரியாமல் வாட்சின் உடலோடு ஒன்றாக இணைந்த வகை. ஒரு கண்ணியைக் குறைத்ததிலிருந்து அந்த இடத்தில் கண்ணிகளை இணைக்கும் பின் (ஊசி) நழுவிக்கொண்டே இருந்தது. பின்னைக் கழற்றும் திசையைக் காட்டும் செயினின் உட்புற அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் தட்டி ஏற்றினேன், நிற்கவில்லை. புது பின்னும் நழுவியது. தோல் வார் மாட்டிச் சமாளிக்கலாமென்றால், 1972இல் வெளிவந்த ராயல் ஓக் என்ற வாட்ச் பிரபலமாக்கிய இந்த அமைப்பில் சாதாரண வார் பொருந்தாது. கையில் அப்படியே படியும் அழகுக்கு இந்தத் தொல்லையும் சேர்த்தி.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மற்றத் துளைகளுக்குள் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், இதில் ஒன்றுதான். பின்னைக் கவ்வுவது கண்ணியல்ல, துளைக்குள் இருக்கும் குருணையளவு குழாய்த்துண்டு! கழற்றிய கண்ணியைப் போட்டுவைத்த உறையைக் கவிழ்த்ததும் அது விழுந்தது. நடுத்துளையில் வைத்து பின்னைத் தட்டினேன், இறுகிவிட்டது. அப்பாடா! கண்ணி கழற்றுகிறவர்கள் கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.