மகாதமனியில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஸ்கேனில் நடக்கும் தவறுகள்

வயிற்று மகாதமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கத்துக்குத் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் என்ற செயற்கைக் குழாய் வைத்தவர்கள் பெரும்பாலும் சில நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். வலி போய்விடும், பெரிய தழும்பும் இருக்காது. “அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குப்பா ஸ்கேன்?” என்று அப்பா கேட்பார். வீட்டாரும் தலையாட்டிவிடுவது பெரிய தவறு. வீங்கிய பையை யாரும் வெட்டி எடுக்கவில்லை. உள்ளே வைத்த குழாய் வழியாக ரத்தம் ஓடுகிறது, அவ்வளவுதான். குழாயைச் சுற்றிக் கசிவு வந்தால் பையில் மறுபடி அழுத்தம் ஏறும். வெடிக்கும்வரை பெரும்பாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது.

வழக்கமாக முதல் மாதத்தில் ஒரு சிடி (CT) ஸ்கேன், 12ஆம் மாதத்தில் இன்னொன்று. கசிவும் பெருக்கமும் இல்லையென்றால் ஆண்டுக்கொருமுறை, ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட்.

அடுத்த தவறு, போன ஸ்கேனோடு மட்டும் ஒப்பிடுவது. பை 54 மில்லிமீட்டர் இருந்தது என்று வையுங்கள். அடுத்த ஆண்டு 56, பிறகு 58, பிறகு 60. ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீட்டர்தான்; அளவெடுப்பதிலேயே அந்த வித்தியாசம் வரும் என்பதால் ‘பெரிய மாற்றமில்லை’ என்றே அறிக்கை வரும். முதல் ஸ்கேனோடு வைத்துப் பார்த்தால் 6 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. 5 கூடினாலே காரணம் தேட வேண்டும். அதனால் எல்லா அளவுகளையும் தேதியோடு ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சிடி அளவு பொதுவாக அல்ட்ராசவுண்டைவிடச் சற்றுக் கூடுதலாக வரும், இரண்டையும் கலக்கக்கூடாது.

சென்னைக்குப் போன இடத்தில் ஸ்கேன் எடுத்தால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டையும் வாங்கி வாருங்கள். ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய ஊசி வழியாகச் சாயம் செலுத்தியவுடன் எடுக்கும் படங்கள் மட்டும் இருந்தால், இடுப்புப் பக்கக் கிளைகளிலிருந்து மெதுவாகத் திரும்பி வரும் கசிவு தப்பிவிடும். தாமதித்து எடுக்கும் படமும் வேண்டும். சாயமில்லாத படம் இல்லையென்றால் சுண்ணாம்புப் படிவையே கசிவு என்று நினைக்க நேரும்.

‘கசிவு’ என்ற சொல்லைக் கண்டதும் கலங்க வேண்டாம், எந்த வகை என்று கேளுங்கள். கிளைகளிலிருந்து வரும் இரண்டாம் வகை பல நேரம் தானே அடங்கும். பை பெருக்காதவரை கவனித்து வருவார்கள். குழாயின் முனையில் வரும் முதல் வகையும், குழாய் கிழிந்தோ மூட்டு பிரிந்தோ வரும் மூன்றாம் வகையும் காத்திருக்க விடாது.

சிறுநீரகம் பலவீனமானவர்கள் சாயத்துக்குப் பயந்து ஸ்கேனையே விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. சாயமில்லாத சிடியிலேயே பையின் அளவு தெரியும், கசிவை டாப்ளரில் பார்க்கலாம். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேளுங்கள்.

டாப்ளருக்குச் சுமார் 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். காலையில் தோசையும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுப் போனால் குடல் காற்று மகாதமனியை மறைத்துவிடும், வந்தது வீணாகும். நீரிழிவுக்காரர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம் வந்தால் அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காமல் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்து, மகாதமனியில் ஸ்டென்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.