வௌவால் தோப்பில் கைதட்டாதீர்கள்: தன்னார்வலர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தீபாவளி நெருங்கினால் போதும், "வௌவால்களுக்காகப் பட்டாசு வெடிக்காத கிராமம்" என்று எங்காவது ஒரு செய்தி வந்துவிடும். தமிழ்நாட்டில் அப்படிப் பல ஊர்கள் இருக்கின்றன. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் குழுவுக்கும் நாலைந்து பேர் புதிதாக வருவார்கள், சந்தோஷம்தான். ஆனால் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, பகல் பதினொரு மணிக்கு, நேராகத் தோப்புக்குள் நுழைந்து ஆலமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சும்மா இருக்கும். போட்டோவில் சிறகு விரிய வேண்டுமே. ஒருவர் கைதட்டுவார்.

அதைத்தான் செய்யக் கூடாது. நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால் பெரிய உடம்பு, சிறகை விரித்தால் நாலடி, ஐந்தடி வரும், ஒரு கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். பகல் வெயிலில் கூட்டமாகப் பறக்கவைப்பது அதைத் தண்டிப்பது மாதிரி. அதிலும் பிப்ரவரி முதல் மே வரை குட்டி போடும் காலம். வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி, பிறந்த முதல் சில வாரங்கள் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே இருக்கும். தாய் திடுக்கிட்டு எழும்பும்போது பிடி நழுவினால் குட்டி நேராகத் தரைக்குத்தான் வரும். அரை மணிக்குள் எறும்பு மொய்த்துவிடும். அப்படி விழுந்த ஒன்றை நான் கையுறையோடு எடுத்திருக்கிறேன், கட்டைவிரல் நகத்தால் துணியை அது பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்குக் கைதட்டியவர் எங்கள் ஆள்தான்.

கோடை உச்சத்தில் இன்னொரு வகை உற்சாகம் வரும். வெயிலில் தவிக்கிறதே என்று பத்துப் பேர் குடமும் ஹோஸ் பைப்புமாக மரத்தடிக்குப் போவது. நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டும் நாட்களில் பழந்தின்னிகள் கொத்துக்கொத்தாகச் சாவது உண்மை. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பக்கம் இரண்டே நாளில் ஏறக்குறைய 23,000 செத்தன. ஆனால் வெயிலில் சிறகை விசிறிக்கொண்டு தொங்குகிற பிராணியை, கீழே ஆள் நடமாட்டம் காட்டி மிரட்டிப் பறக்கவிட்டால் அதன் உடல் சூடு இன்னும்தான் ஏறும். தூரத்திலிருந்து பாருங்கள். கீழே விழுந்ததை மட்டும் நிழலுக்குக் கொண்டுபோக, தெரிந்த இரண்டு பேர் போனால் போதும்.

சரி, கணக்கெடுப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். பகலில் மரம் மரமாக எண்ணி, கடைசியில் "சுமார் ஐயாயிரம்" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போவது. இலைக்குப் பின்னால் எத்தனை என்று யார் கண்டது? அந்தி நேரத்தில் வெளியே கிளம்பும்போது எண்ணுவதுதான் வழி. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னாலேயே போய், தோப்புக்கு வெளியே, மேற்கு வானம் வெளிச்சமாகத் தெரிகிற மாதிரி இடம் பிடித்து உட்கார வேண்டும். ஒரு திசைக்கு இரண்டு பேர், ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒற்றை ஒற்றையாக வரும்போது ஒன்றொன்றாக, கூட்டம் அடர்ந்தால் பத்துப் பத்தாக. டார்ச் அடிக்காதீர்கள். இரண்டு பேரின் எண்ணிக்கையும் பெரிதாக வேறுபட்டால் அதை அப்படியே எழுதுங்கள், நடுவில் ஒரு அழகான எண்ணைப் போடாதீர்கள். மாதம் தவறாமல் ஒரே இடத்திலிருந்து எடுத்த, கொஞ்சம் பிசகான கணக்கு கூட, வருடத்துக்கு ஒரு முறை பேனர் கட்டி எடுத்த கணக்கை விட எவ்வளவோ பயன்படும். இது சலிப்பான வேலை, அதனாலேயே இதற்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரு தொப்பி கொண்டுவாருங்கள். கிளம்பும்போது எல்லாம் வயிற்றைக் காலிசெய்துவிட்டுத்தான் கிளம்பும்.

மீட்பு வேலைக்கு மட்டும் எப்போதும் ஆள் உண்டு. அங்கேதான் ஆபத்தும். வெறும் கையால் வௌவாலைத் தொடவே தொடாதீர்கள், குட்டியைக் கூட. கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்பதெல்லாம் வேண்டாம். சட்டமும் மாறியிருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி, எலி காக்கையோடு ஐந்தாம் அட்டவணையில் தொல்லை உயிரினமாகக் கிடந்தது, 2022 திருத்தத்துக்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட உயிரினமாக இரண்டாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. ஆகவே மீட்டதை வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், முதல் போன் வனத்துறைக்கு.

சப்போட்டா, மாமரங்களின் மேல் பழைய மீன்வலையைப் போர்த்துவார்கள், அதில் சிக்குவதுதான் அதிகம். பார்த்ததும் பிடித்து இழுக்காதீர்கள். சிறகு சவ்வு கிழிந்துவிடும். தலையை ஒரு பழைய துண்டால் மூடி, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வலையை வெட்ட வேண்டும், வலைதான் வீணாகும். பிரித்ததும் உடனே பறக்கவிடுவது இன்னொரு தவறு. நைலான் இறுக்கிய இடத்தில் ரத்தம் ஓடாமல் சவ்வு அழுகுவது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். பயத்தில் இருக்கும் பிராணியின் வாயில் சிரிஞ்சால் பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

மின்கம்பியில் தொங்குவதைக் குச்சியால் தட்டுபவர்களும் உண்டு. சொல்லவே பயமாக இருக்கிறது. லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்தும் வரை கம்பிக்குக் கீழே கூட நிற்காதீர்கள். இறக்கிய பிறகு, செத்துவிட்டதே என்று திரும்பிவிடவும் வேண்டாம். குட்டி போடும் மாதங்களில் தாய் இறந்திருந்தாலும் மார்பில் குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், கையுறையோடு சிறகை விலக்கிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பேச்சு. பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் நம் ஆட்கள் அள்ளிவிடுகிற பேச்சு. "ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும்" என்று ஒரு தம்பி சப்போட்டா தோட்டக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எங்க தோட்டத்துக்கு வர்றது சப்போட்டாதானே தின்னுது?" என்றார். பழந்தின்னி கொசு தின்பதில்லை. அந்த ஆயிரமும் அமெரிக்காவில் சின்னப் பூச்சியுண்ணி வௌவால்களை அறைக்குள் விட்டுச் சில நிமிடம் பார்த்ததை மணிக்கணக்குக்குப் பெருக்கியது. பொய்க் கணக்கு சொன்னால் அடுத்து சொல்லும் உண்மையும் எடுபடாது. இலுப்பைப் பூவையும் பழத்தையும் வௌவால் என்ன செய்கிறது, விதை எங்கே போய் விழுகிறது என்று சொல்லுங்கள், ஊர்ப் பெரியவர்கள் உங்களை விட நன்றாகவே அதைத் தொடர்ந்து பேசுவார்கள்.

நிபா பற்றிக் கேட்டால் "அதெல்லாம் புரளி" என்று சொல்லும் தன்னார்வலர்களையும் பார்த்திருக்கிறேன். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தது, பழந்தின்னிகளிடம் அந்தக் கிருமி இருப்பது உண்மை. கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாதே, செத்துக் கிடப்பதைத் தொடாதே, ஆஸ்துமாவுக்கு நல்லது என்று எவனாவது வௌவால் கறி விற்றால் வாங்காதே, மரத்தை வெட்டி விரட்டினால் அவை பக்கத்துத் தெருவுக்கு வரும். இவ்வளவும் நேராகச் சொன்னால் ஜனங்களுக்குப் புரிகிறது. தோட்டக்காரரிடமும் அப்படித்தான், நஷ்டமே இல்லை என்று வாதாடாதீர்கள். சுண்டுவிரல் நுழையாத அளவு கண் சின்னதான வலையை இறுக்கமாகக் கட்டச் சொல்லுங்கள், முடிந்தால் முதல் வருடம் நாமே பாதிச் செலவு போடலாம்.

கடைசியாக, எல்லோரும் பெரிய வௌவால் பின்னாலேயே ஓடுகிறோம். கோயில் மண்டபத்திலும் கோபுர நிலைகளிலும் இருக்கும் சின்னவற்றுக்குப் பேச ஆளில்லை. கும்பாபிஷேகத் திருப்பணி நடந்த ஒரு கோயிலில், நாத்தம் போக வேண்டும், வௌவாலும் சாகக் கூடாது என்று யோசனை கேட்டார்கள். எங்கள் குழுவில் ஒருவர் "வலை அடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மேஸ்திரி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாசலை அடைத்தார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் உள்ளேயே. மறுநாள் நாத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அடைக்கத்தான் வேண்டும் என்றால் குட்டி இல்லாத மாதத்தில், வெளியே போக வழியும் திரும்பி வரத் தடையுமாகத் துணியைத் தொங்கவிட்டு, பல ராத்திரி காத்திருந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகு அடைக்க வேண்டும். அடுத்த கோயிலில் நானே போய் ஸ்தபதியோடு உட்கார்ந்தேன். மூன்று டீ ஆயிற்று. மடைப்பள்ளிக்குப் பின்னால் யாரும் புழங்காத ஒரு இருட்டறையை மட்டும் வெள்ளையடிக்காமல், கதவு போடாமல் விட்டுவிடச் சம்மதித்தார்.