கரண்ட் வந்த பிறகும் கொன்டெய்னருக்குள் கோப்புறை வெறுமையா?

நெட்வேர்க் டிரைவ் (வலையமைப்பு வழியாக வரும் சேமிப்பிடம்) பொருத்தப்படும் கோப்புறையை நேரடியாக டொக்கர் கொன்டெய்னருக்கு (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) கொடுக்காதீர்கள். அதற்கு ஒரு படி மேலே உள்ள தாய்க் கோப்புறையைக் கொடுத்து, கோப்புறையைக் கொன்டெய்னருடன் இணைக்கும் அமைப்பு வரியின் முடிவில் 'ஆர்ஸ்லேவ்' (rslave) என்ற தெரிவையும் சேருங்கள்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் மின்சாரம் போய் வந்தால், கணினி முதலில் விழித்துக்கொள்ளும். அந்த டிரைவின் கோப்புகள் இருக்கும் சேமிப்புப் பெட்டி ஆறுதலாகத்தான் எழும்பும். டொக்கரின் இயல்பான அமைப்பு 'ஆர்பிரைவேட்' (rprivate). அதில், கொன்டெய்னர் தொடங்கிய பிறகு வெளியே பொருத்தப்படும் எதுவும் உள்ளே தெரியாது. பிழைச் செய்தியும் வராது, வெறுங்கோப்புறைதான் இருக்கும். அதைவிட மோசம், அந்த நேரத்தில் எழுதப்படும் கோப்புகள் கணினியின் சொந்த வட்டில் விழுந்து, டிரைவ் பொருந்தியதும் அதன் அடியில் மறைந்துவிடும். 'ஆர்ஸ்லேவ்' இருந்தால், பிந்திப் பொருத்தப்படும் டிரைவும் உள்ளே தானாகத் தெரியும். கொன்டெய்னரை மீண்டும் தொடக்க வேண்டியதில்லை.

இது லினக்ஸில் நேரடியாக ஓடும் டொக்கருக்கு மட்டுமே. விண்டோஸ், மேக் கணினிகளின் டொக்கர் டெஸ்க்டொப்பில் பலிக்காது. 'அனுமதி இல்லை' என்று வந்தால் அது பயனர் எண் (UID) பொருந்தாத சிக்கல், இதனால் தீராது. டிரைவ் இல்லாவிட்டால் கொன்டெய்னர் தொடங்கவே கூடாது என்பவர்கள், டொக்கர் வொல்யூமாகவே (டொக்கரே பொருத்தி நிர்வகிக்கும் சேமிப்பிடம்) அந்த டிரைவை வரையறுப்பது நல்லது.