பழைய ஹோண்டா சிட்டி விடெக் வாங்கும் முன்

2000-களின் தொடக்கத்தில் ஓடிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்குக்கு (வால்வு திறப்பை மாற்றிக் கூடுதல் சக்தி தரும் இன்ஜின் கொண்ட மாடல்) இன்றும் மவுசு உண்டு. அதனாலேயே சாதாரண சிட்டியில் விடெக் இன்ஜினை ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். பானட்டைத் திறந்து இன்ஜின் நம்பரை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆய்வு உண்டு. பழைய ஓனர் மாற்றிப் போட்ட அலறும் சைலன்சர், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் எல்லாம் அங்கேதான் வம்பாகும். அவர் கழற்றி வைத்த ஒரிஜினல் பாகங்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இப்போது தேடினாலும் லேசில் சிக்காது.

அப்புறம், பெயின்டுக்குச் செலவழிக்கும் முன் டைமிங் பெல்ட்டை (வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பெல்ட்) மாற்றுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் பிஸ்டன் இடித்து வால்வுகள் வளைந்துவிடும். வாட்டர் பம்பையும் கூடவே மாற்றினால் கூலி ஒரே தடவைதான்.